முன் டயர் மேல் விழுந்த பழி

மலை ஏறிக்கொண்டிருந்த கார் திணறியது. சக்கரம் வழுக்கினால் எஞ்சினை அடக்குகிற டிராக்‌ஷன் கன்ட்ரோல்தான் அதை அடக்கியிருந்தது.

"முன் டயரே, வழுக்குறே!" என்று அதட்டியது அது.

"நானா? ரோடு காய்ஞ்சு கிடக்கு. நல்லா பிடிச்சுக்கிட்டுத்தான் ஓடுறேன்."

"எனக்குக் கண் கிடையாது. சுத்துறதை எண்ணத்தான் தெரியும். பின் டயரைவிட நீ அதிகமா சுத்துறே."

அழகுக்காகப் பின்னால் மாட்டியிருந்த புது டயர் சிரித்தது. "நான் உயரம், மெதுவா சுத்தினாலே போதும். குள்ளன் ஓடித்தானே ஆகணும்!"

வழியெல்லாம் இதே ஏச்சு. கார்க்காரர் வெறுத்துப்போய் டயர் கடைக்கு வண்டியை விட்டார். உயர டயர் கழன்றது, வேறொன்று வந்தது. அதன் அகலத்தைப் பார்த்ததும் முன் டயர் முந்திக்கொண்டு கேட்டது.

"நீயும் என்னை மாட்டிவிடப்போறியா?"

"அகலம் சும்மா அழகுக்கு. உயரம் உன் உயரம்தான், பக்கத்துல நின்னு பாரு."

மறுநாள் அதே மலை, கொட்டுகிற மழை. டிராக்‌ஷன் கன்ட்ரோல் வாயே திறக்கவில்லை. கடைசி வளைவில் சேறு. முன் டயர் வீணாகச் சுழன்றது. எஞ்சின் சட்டென்று அடங்கியது, டயருக்குத் தரை மறுபடி கிடைத்தது.

"வழுக்குனே," என்றது டிராக்‌ஷன் கன்ட்ரோல்.

"ஆமாப்பா, வழுக்குனேன்," என்றது முன் டயர், சந்தோஷமாக.