தலைக்கு மேலே ஒரு சிவப்பு

ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் இருந்த மிளகாய்ச் செடிக்கு வயிறு பற்றி எரிந்தது. எதிரே கம்ப்யூட்டரில் ஜெசிந்தா தோட்ட விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். திரையில் இருக்கிற தக்காளிச் செடிக்கு நேரம் தவறாமல் தண்ணீர், உரம், எல்லாம் மவுஸால்தான். அடுப்பில் சோறு குழைந்தாலும் குழையும், தக்காளியை வாட விடமாட்டாள். மிளகாய்ச் செடியின் மண்ணோ வெடித்துக் கிடந்தது.

"வேரும் கிடையாது, மண்ணும் கிடையாது. உனக்கு மட்டும் என்ன இவ்வளவு உபசாரம்?" என்று அது திரையைப் பார்த்துப் பொருமியது.

"தாகம் எடுத்தா என் தலைக்கு மேல சிவப்பா ஒண்ணு மினுங்கும். பார்த்ததும் ஓடி வந்துடுவா. உனக்கு அப்படி எதுவும் வராதா?" என்றது தக்காளிச் செடி.

அன்றிலிருந்து மிளகாய்ச் செடிக்கு வேறு நினைப்பே இல்லை. இலைகளை உதிரவிட்டது. தண்டில் மிச்சமிருந்த ஈரத்தையெல்லாம் உச்சிக்கு ஏற்றி, அங்கே நிமிர்ந்து நின்ற ஒரே காயைப் பழுக்க வைத்தது.

ஒரு காலையில் ஜெசிந்தா தற்செயலாகத் திரும்பினாள். சிவப்பைக் கண்டதும் எழுந்து ஓடியே வந்தாள். செடி தக்காளியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டது.

"ஏங்க, இங்க பாருங்களேன்!" என்று உள்ளே இருந்த கணவனைக் கூப்பிட்டாள். "சொட்டுத் தண்ணி ஊத்தல, இது பாட்டுக்குப் பழுத்து நிக்குது! இந்த மாதிரி செடிதாங்க நமக்குத் தோது."

பழத்தைக் கிள்ளிக்கொண்டு அவசரமாகத் திரும்பினாள். அங்கே தக்காளிக்குத் தாகம் எடுத்திருந்தது.