ரெண்டு பேப்பரிலும் ஒரே தப்பு

முதல் பொய்யை எழுதும்போது கணக்கு வாத்தியாரின் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"உங்க வீட்ல காலையில முதல்ல எழுந்து டீ போடறது யாரு சார்?" என்று கேட்டாள் தொகுப்பாளினி.

'நான்' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அவர் மனைவி மேடையின் மறுகோடியில், கண்ணாடி அறைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். காதில் ஹெட்போன், அதில் சத்தமாகப் பாட்டு. தம்பதிகளுக்கான அந்த டி.வி. நேரலைப் போட்டியில் பலூன் உடைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சாமான்களைத் தடவிக் கண்டுபிடித்து, எப்படியோ கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டார்கள். இதில் கணவன் எழுதியதையே மனைவியும் சொல்ல வேண்டும். நாலு கேள்விக்கும் விடை பொருந்தினால் வாஷிங் மெஷின்.

அந்த மெஷினுக்காகத்தான் அவள் விண்ணப்பமே போட்டாள். மணிக்கட்டு வீங்கி, இனிமேல் துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. வாத்தியார் "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தும் ஆறு மாதம்.

அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம்? எதிரே கேமரா. பள்ளிக்கூடத்துப் பசங்க நானூறு பேரும் பார்ப்பார்கள்.

"மனைவிக்குக் கடைசியா என்ன வாங்கிக் கொடுத்தீங்க?"

'கைக்கடிகாரம்.'

"அவங்களுக்கு உடம்பு முடியாதப்போ யாரு கூட இருந்தாங்க?"

'ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் நான்தான்.' இருந்தது அவளுடைய அக்கா. இவர் பத்து நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் பேப்பர் திருத்தப் போனவர்.

"வீட்டு வேலையில உங்க பங்கு?"

'ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது.'

பலகையைத் துணி போட்டு மூடினார்கள். கண்ணாடிக் கதவு திறந்து அவள் நடந்து வந்தபோதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. அவள் பாட்டுக்கு நிஜத்தைச் சொல்லிவிட்டால்? மெஷின் போனால் போகட்டும், மானம்?

"அக்கா, உங்க வீட்ல காலையில டீ போடறது?"

அவள் கணவரை ஒரு தடவை பார்த்தாள்.

"அவர்தாங்க."

டிங்! கைதட்டல்.

"கடைசியா அவர் வாங்கிக் கொடுத்தது?"

"வாட்ச்."

டிங்!

"அட! எங்க, காட்டுங்க பாப்போம்!"

அவள் கைப்பையை இழுத்து வீங்கிய மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள். "அழுக்காயிடும்னு எடுத்து வச்சிருக்கேங்க" என்று சிரித்தாள். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி கேள்விக்கு, "மூணு நாளும் அவர் நகரவே இல்லைங்க" என்றாள். கடைசிக் கேள்விக்கு, "ஞாயித்துக்கிழமைன்னா துணியெல்லாம் அவர்தான் துவைப்பாரு" என்றாள்.

நாலுக்கு நாலு. அரங்கமே எழுந்து நின்று தட்டியது.

"அப்போ இந்த மெஷின் நிஜமா சாருக்குத்தான்! இனிமே ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுங்க சார்!"

வாத்தியாரும் சிரித்து வைத்தார். காது ரெண்டும் எரிந்தன.

வீட்டுக்குக் கொண்டுவிட வேன் கொடுத்திருந்தார்கள். பாதி வழி வரை வாத்தியார் நாலு விடைகளையும் மனசுக்குள் திருத்திக்கொண்டே வந்தார். அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். சரியான விடை ரெண்டு பேப்பரில் ஒரே மாதிரி இருந்தால் விட்டுவிடுவார். தப்பு ஒரே மாதிரி இருந்தால், எவனோ காப்பியடித்திருக்கிறான் என்று அர்த்தம். அதை வைத்து எத்தனையோ பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார்.

இங்கே நாலும் தப்பு. நாலும் ஒரே தப்பு.

வெட்கத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே. அவள் தலையிலேயே வைத்தார்.

"உண்மையைச் சொல்லு. கண்ணாடியில பலகை தெரிஞ்சுதா?"

"இல்லைங்க."

"கேள்வி கேட்ட அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லிக் கொடுத்தாளா?"

"அவங்க எதுக்குங்க சொல்லப்போறாங்க?"

"பின்ன எப்படி? ஞாயித்துக்கிழமைன்னு கரெக்டா சொல்றே! நான் என்னிக்குடி துணி துவைச்சேன்?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. முன்னால் டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் பின்னால் பார்த்துக்கொண்டார்.

அவள் மணிக்கட்டைத் தடவியபடி சொன்னாள்: "உங்க ஸ்கூல் சாருங்கல்லாம் வீட்டுக்கு வர்றப்போ, ஹால்ல உக்காந்து நீங்க சொல்றதுதானேங்க? உள்ள டீ போட்டுக்கிட்டே கேட்டிருக்கேன். பதினாறு வருஷம். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."

வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நிஜத்தைச் சொல்லியிருக்கலாமே நீ" என்றார்.

"எப்படிங்க சொல்றது? உங்க பசங்கல்லாம் பாப்பாங்களே."

வேன் தெருவுக்குள் திரும்பியது. வாசலில் அக்கம்பக்கத்தார் கும்பலாக நின்று கையாட்டினார்கள். வாத்தியார் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அவள் தலையைச் சரிசெய்துகொண்டு, அவர் பக்கம் சாய்ந்து, கிண்டல் துளியும் இல்லாமல் கேட்டாள்:

"அந்த வாட்சுக்கு என்ன கலர் பட்டைன்னு மட்டும் சொல்லிடுங்க. எல்லாரும் கேப்பாங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணுமில்ல?"