ஒரு விரல் இடைவெளி

ஞாயிற்றுக்கிழமை சபையில் கேட்பார்கள். அப்போது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், இர்மா காலையிலிருந்தே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மகள் வந்தாள். சாப்பாடு போட்டேன். ஒரே மேசையில் உட்காரவில்லை.”

பொய் சொல்ல அவளுக்கு வராது. உண்மையைச் சொன்னாலே நாக்கு குளறும்.

வெளியே யாரோ மாவு சலிப்பதுபோல் பனி விழுந்துகொண்டிருந்தது. புல்வெளி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மகள் எல்விரா சூப்புத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்து, நின்றபடியே கண்மூடி ஜெபித்தாள்.

கரகண்டா நகரத்தில் நர்சு படிக்கப் போன இடத்தில், வேறொரு சபைக் கூட்டத்துக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேள் என்றார்கள் ஊர்ச் சபையார். “ஜெபம் பண்ணினதுக்கா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். சபை அவளை விலக்கி மூன்று மாதம் ஆகிறது. விலக்கப்பட்டவரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறவருக்கும் அதே கதிதான்.

“குதிரைகூட இப்படித்தாம்மா நின்னுக்கிட்டே சாப்பிடும்.”

“மெதுவா பேசுடி. பக்கத்து வீட்டுல கொர்னேய் அண்ணன் இருக்கார்.”

“இருக்கட்டும். என் பேரை வாசிச்சு விலக்கினவர்தானே? சொந்தப் பையன் ஆர்த்தர் பேரையே குரல் நடுங்காம வாசிச்சவர்.” ஸ்பூனைக் கீழே வைத்தாள். “அடுத்த மாசத்திலேருந்து வரலைம்மா. நான் வந்தா நீ பயந்தே செத்துடுவ.”

இர்மா பதில் சொல்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

சபையின் உதவிக்காரர் கொர்னேய்தான். தோளில் ஒரு சாக்கு. கையில் ரம்பம்.

“சமாதானம், தங்கச்சி.” எல்விரா பக்கம் அவர் திரும்பவில்லை. விலக்கப்பட்டவர்களுக்கு வாழ்த்து கிடையாது. “போன தடவையும் பொண்ணு ஜன்னல்ல நின்னு சாப்பிட்டத பாத்தேன்.”

“மேசையில உக்காரலண்ணே. சத்தியமா...”

“சத்தியம் பண்ணாதே. மேசையைக் காலி பண்ணு.”

இறந்துபோன கணவர் கல்யாணத்துக்குச் செய்த மேசை அது. கொர்னேய் அதன் நடுவில் ரம்பத்தை வைத்தார்.

“பேரை வெட்டினீங்க. இப்போ மேசையுமா?” என்றாள் எல்விரா.

அவர் அறுக்கத் தொடங்கினார். ரம்பம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மரத்தூள் வெளிச்சத்தில் மிதந்தது. பனி வீட்டுக்குள்ளும் பெய்வதுபோல் இருந்தது இர்மாவுக்கு. கனவில் நடப்பதுபோல, அவளால் கையைத் தூக்கித் தடுக்க முடியவில்லை.

மேசை இரண்டானது.

கொர்னேய் சாக்கை அவிழ்த்தார். உள்ளே நான்கு மேசைக்கால்கள். நாள்கணக்காக உட்கார்ந்து இழைத்தவை, அவ்வளவு வழுவழுப்பு. பாதிக்கு இரண்டாக அடித்து நிறுத்தி, இரண்டையும் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சேர்த்துப் போட்டார்.

“ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் நான்தான் கேக்கணும். ரெண்டு மேசைன்னு சொல்லு. பொய் இல்ல.”

ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ரொட்டித் தட்டு இடைவெளியின் மேல் நின்றது. எல்விரா மறுபடி ஜெபித்தாள், இந்த முறை சத்தமாக. அடுத்த மாதம் என்ன சமைக்கட்டும் என்று இர்மா கேட்டாள்.

பிறகு அவளுக்குப் பழைய பயம் வந்தது. யாராவது வந்து, யார் அறுத்தது என்று கேட்டால்? பொய் சொல்ல வராதே.

பெட்டியிலிருந்து இருப்பதிலேயே பெரிய விரிப்பை எடுத்து இரண்டையும் மூடினாள். தரையைத் தொடுமளவு இழுத்துவிட்டாள். ஏழு வருடமாக, ஆர்த்தர் விலக்கப்பட்ட நாளிலிருந்து, துணி தோய்க்கிற நாளில்கூட எடுக்காமல் கொர்னேய் வீட்டு மேசையில் கிடக்கிறதே, அந்த விரிப்பு போலவே.