சத்தம் எங்கே போனது?

என்ஜின் ஆயிலில் கலக்கும் அடிட்டிவ் ஒரு பாட்டிலைக் காரில் ஊற்றியதிலிருந்து, கணக்கு வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. தையல் மிஷின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மனைவியிடம் அளந்தார்.

"உராய்வே இல்ல, தேய்மானமே இல்ல. ஒரு வாரமா பூனை மாதிரி போகுது, கவனிச்சியா?"

அவள் தைத்துக்கொண்டே சொன்னாள். "அதே கடகடதாங்க கேக்குது."

"உன் காது அவ்வளவுதான். நுணுக்கமான சத்தமெல்லாம் எனக்குத்தான் பிடிபடும். ஸ்கூல்ல என் பேச்சைக் கேட்டு ஏழு பேரு வாங்கிட்டாங்க. ஹெட்மாஸ்டர் உட்பட!"

அவள் கால் மிதிப்பதை நிறுத்தியது. "ஏழு பேரா? ஐயையோ!"

"என்ன ஐயையோ?"

"கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு மிஷினுக்கு எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு உங்க பாட்டில்லேர்ந்து கொஞ்சம் எடுத்தேன். கை தவறி மீதி பூரா கொட்டிடுச்சு. திட்டுவீங்களேன்னு, கார் ஆயில் டப்பாவுல மிச்சமிருந்த சாதா ஆயிலை ஊத்தி மூடி வச்சுட்டேன். நீங்க கார்ல ஊத்தினது அதைத்தான்."

"சும்மா கதை விடாத! சத்தம் குறைஞ்சதை என் காதால கேட்டேனே!"

அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரும் அளவுக்கு அலறும் பழைய மிஷின் அது. இப்போது துணி மட்டும் நகர்ந்தது. மிஷின் மூச்சுக்கூட விடவில்லை.

வாத்தியாரின் கை தானாகவே காதைத் தடவிப் பார்த்தது.

"ஒரு வாரமா இப்படித்தாங்க ஓடுது" என்றாள் அவள். "உங்க காதுக்கு எப்ப எட்டும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."