நாலு வருஷத் தண்ணீர்

ரேடியேட்டரின் அடி ஹோஸை உருவியதும் குபுகுபுவென்று கொட்டியது தண்ணீரா, புளிக்கரைசலா என்று மணிமேகலைக்குப் புரியவில்லை.

"இம்புட்டுத் துருவா! இத வச்சுக்கிட்டா பழனிக்குப் போகப் பாத்த?" என்றான் காருக்கு அடியில் கிடந்த மகன் முகேஷ்குமார்.

பழனி என்ற பேச்சை எடுத்தாலே அவளுக்கு முகம் வியர்த்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அவள் போக வேண்டியது பழனிக்கே இல்லை. நேர் எதிர்த் திசையில், திண்டுக்கல்லைத் தாண்டி வடமதுரைக்கு. அங்கே பெருமாள் கோயிலில் பன்னிரண்டு மணிக்குள் பாண்டியராஜோடு மாலை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஐம்பத்திரண்டு வயதில், பெற்ற மகனிடம் பொய் சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கு ஓடுகிறவள் ஜில்லாவிலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பயமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

மணி ஒன்பது ஐம்பது.

கார், இறந்துபோன வீட்டுக்காரர் சுருளிவேல் வாங்கியது. நாலு வருஷமாக ஷெட்டில் கிடந்தது. அவ்வப்போது போர்வெல் தண்ணீரை ஒரு சொம்பு ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்ப்பாள். அந்த உப்புத் தண்ணீர் உள்ளே என்ன செய்யும் என்று அவள் கண்டாளா?

காலையில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஜோராகத்தான் கிளம்பினாள். தெருமுனையைத் தொடுவதற்குள் வண்டி கொதித்து ஆவி பொங்கிவிட்டது. தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய சத்தத்தில் முகேஷ் எழுந்துவிட்டான். நேற்று ராத்திரிதான் திருப்பூரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருந்தான். சூடு ஆறட்டும் என்று ஒரு மணி நேரம் மூடியைத் தொடவே விடவில்லை.

பஸ்ஸில் போயிருக்கலாம்தான். ஆனால் தானே வண்டி ஓட்டி வந்து இறங்குவதாகப் பாண்டியராஜிடம் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவரைப் பார்த்ததே டிரைவிங் ஸ்கூலில்தான். மற்றதெல்லாம் சின்னஞ்சிறுசுகள், தலை நரைத்தது இவர்கள் இரண்டு பேர் மட்டும். முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதிய நெட்டைக் கண்டக்டர், ஸ்டீயரிங்கைத் தொட்டதே இல்லையாம். அவள் கிளட்சை விடும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து பழக்க தோஷத்தில் "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்துவிடுவார். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரித்தாள். சிரித்ததில் வந்த வினைதான் இது.

அவரிடம் எதையும் சொல்லிவிடலாம். இந்த மகனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. சரி என்பானா, இனி அம்மா என்றே கூப்பிட மாட்டானா? முதலில் தாலி ஏறட்டும், பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

இரண்டாம் அலசலில் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. மூன்றாவதில் டீ நிறம்.

"போதும்டா, நான் கெளம்புறேன்."

"செத்த நேரம் இரும்மா. தெளிஞ்சு வராம விட மாட்டேன்."

கடைசி அலசலுக்குச் சமையல்கட்டிலிருந்து குடிதண்ணீர் கேனையே தூக்கி வந்துவிட்டான். பிறகு தன் தோள்பையிலிருந்து, எஞ்சின் சூட்டை அடக்கும் பச்சைக் கூலண்ட் டப்பாவை எடுத்தான். திருப்பூரிலிருந்து வரும்போதே இவன் ஏன் இதை வாங்கி வந்தான்? யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

மெதுவாக ஊற்றினான். எஞ்சினை ஓடவிட்டான். திறந்த வாயில் காற்று குமிழி குமிழியாக வந்தது. மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டான். குமிழி அடங்க அடங்க மறுபடி ஊற்றினான்.

இனி ஃபேன் சுற்ற வேண்டும். சூடேறி அது தானாகச் சுற்றினால் வண்டி தேறிவிட்டது. சுற்றாமல், ஸ்டீயரிங்குக்கு முன்னால் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் முகூர்த்தம் போச்சு.

முள் ஏறியது. பாதியைத் தாண்டியது. இன்னும் ஏறியது.

முருகா, பொய்க்கு உன் பேரைச் சொன்னது தப்புத்தான், மொட்டை போடுகிறேன் என்று வேண்டினாள். ஐயோ, கல்யாணப் பொண்ணுக்கு மொட்டையா என்று பதறி, பால்குடமாக மாற்றிக்கொண்டாள்.

சர்ரென்று ஃபேன் சுற்றியது.

"சுத்திருச்சுடா!" என்று மணிமேகலை கைதட்டிக் குதித்தேவிட்டாள். முள் மளமளவென்று கீழே இறங்கியது. மகன் மூடியைத் திருகிவிட்டு அவளையே பார்த்துச் சிரித்தான்.

பிறகு துணியை எடுத்து இடதுபக்கத்து முன்சீட்டை அழுத்தித் துடைத்தான். நெட்டைக் காலுக்குத் தோதாக அதைப் பின்னால் முழுக்கத் தள்ளிவிட்டான். தனியாகப் போகிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவள் நினைத்தாள். மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது.

வண்டியை எடுத்தாள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி அவனும் தெருமுனை வரை கூடவே நடந்து வந்தான். அவன் கண்ணுக்காக அவள் வலது பக்கம், பழனி ரோட்டுக்கு இண்டிகேட்டர் போட்டாள். கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொள்ளலாம்.

முகேஷ் ஜன்னலில் குனிந்தான்.

"வடமதுரைக்கு எடது பக்கம்மா."

அவள் கால் பிரேக்கில் அப்படியே நின்றுவிட்டது.

"அவரு போன வாரமே எனக்குப் போன் போட்டு, ஒங்கம்மாவக் கட்டிக்கிடட்டுமான்னு கேட்டுட்டாரு. நீயா சொல்லுவன்னுதான் ராத்திரியில இருந்து பாக்குறேன்" என்றான். கூலண்ட் கறை படிந்த கையால் அவனே உள்ளே எட்டி இண்டிகேட்டரை மாற்றிவிட்டான். "நான் குளிச்சிட்டு பைக்குல பின்னாலயே வாரேன். திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஏசி போடாதீங்க, வண்டி தாங்காது."

அவளுக்கு எதிரே ரோடே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளட்சை விட்டாள்.

காரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினான் மகன்.

"போலாம் ரைட்!"