தும்பைத் தேன்

தீவைக் காலி செய்யச் சொல்ல வந்த அதிகாரிக்கும் தேன் கொடுத்தாக வேண்டும். வந்தவர் யாராக இருந்தாலும் கலப்பில்லாமல் ஏதாவது ஒரு பூவின் தேனைக் கொடுத்தனுப்புவதும், கொடுக்கிறவள் முதலில் ஒரு சொட்டு நக்கிக் காட்டுவதும் அந்த ஊர் வழக்கம்.

"இங்க முன்னாடி யாரும் வாழ்ந்ததே இல்லைன்னுதாம்மா மேலிடத்துல சொல்றாங்க" என்றார் அவர்.

அன்று தேன் கொடுக்க வேண்டியவள் ரெஜினாள். முன்னால் இருந்த புன்னைத் தேனை ஒதுக்கிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து வந்தாள். விரலில் தொட்டு நக்கிவிட்டு அவரிடம் நீட்டினாள்.

ஒரு கரண்டி விழுங்கியதும் அவருக்குக் கண் சொருகியது. "அடடா! என்ன பூம்மா இது?"

"தும்பைங்கய்யா. மத்த இடத்துல ஆடு மேஞ்சிரும். வேலி போட்ட கல்லறைத் தோட்டத்துல மட்டுந்தான் பூக்கும். எங்கப்பன், ஆத்தா, போன ஆடியில செத்த என் வீட்டுக்காரரு, எல்லாரு மேலயும் பூத்தது."

இரண்டாவது கரண்டி அவர் வாய்க்கருகில் நின்றது.

ரெஜினாள் குப்பியை இறுக மூடி அவர் மடியில் வைத்தாள்.

"முழுங்கிட்டீங்கல்ல? இப்பச் சொல்லுங்க, இங்க யாருமே இல்லைன்னு."