பால் பாக்கெட்டில் ஒரு முகம்

"இது யாரு மூக்கு? நம்ம ஹீரோயின் மூக்கா? சொல்லு பியோ, நீயே சொல்லு!"

பான் மேடம் மேஜையில் வைத்த வேகத்தில் பாக்கெட்டிலிருந்து பால் தெறித்தது. சியோலில் இருக்கும் அந்த சினிமா கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்கு அவர்தான் தலைவி. பியோ அவரிடம் பத்து வருஷமாகத் திட்டு வாங்கும் டிசைனர்.

"மெஷின் வரைஞ்சது மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

ஐந்து வயதில் தொலைந்துபோன ஒரு பெண்ணைப் பற்றிய படம் அது. காணாமல் போன பிள்ளைகளின் போட்டோவைப் பால் பாக்கெட்டில் போடுவது இங்கே பழைய வழக்கம். அதை அப்படியே விளம்பரமாக்க மேடம் ஒரு பால் கம்பெனியோடு கைகோத்துவிட்டார். ஹீரோயின் சே-ரினின் சின்ன வயது போட்டோவைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், வளர்ந்த பிறகு எப்படி இருப்பாள் என்று அது வரையும். பாக்கெட்டில் அந்த முகம், கீழே 'என்னைப் பார்த்தீர்களா?' என்று ஒரு கேள்வி, ஒரு போன் நம்பர். பாக்கெட்டுக்கு நேரே செல்போனைக் காட்டினால் படத்தின் டிரெய்லர் ஓடும். அச்சு அசல் சே-ரின் முகமே வரும், ஊரே வாயைப் பிளக்கும் என்று மேடம் நம்பியிருந்தார்.

வந்ததோ வேறு முகம். உருண்டைக் கன்னம், சப்பை மூக்கு. மேடம் லீவில் போயிருந்த வாரத்தில் பியோ அதை அச்சுக்கும் அனுப்பிவிட்டான். இப்போது நாட்டில் பாதிப் பேர் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் அந்த முகம்தான் உட்கார்ந்திருந்தது.

"அனுப்பறப்போ உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி இயல்பா இருக்கேன்னு விட்டுட்டேன் மேடம்."

"இயல்பாவா! சே-ரினோட மேனேஜர் காலையிலேர்ந்து போன்ல என்னை வறுத்தெடுக்கிறான். அத்தனை பாக்கெட்டையும் கடையிலேர்ந்து திரும்ப எடுக்கணுமாம்."

"ஆனா முன்பதிவு எகிறுதே மேடம்?"

அதுதான் மேடத்துக்கு இன்னும் எரிச்சல். 'யார் இந்த அக்கா?' என்று இணையம் முழுக்கக் கேலி. அந்த முகத்துக்கு மீசை வரையப் போட்டியே வைத்தார்கள். கேலி செய்தவர்களே டிக்கெட்டும் வாங்கினார்கள். தப்புச் செய்தவனைப் பாராட்டுவதா, வேலையை விட்டு அனுப்புவதா என்று தெரியாமல் மேடம் இரண்டையும் ஒத்திப்போட்டிருந்தார்.

"ஒரே ஒரு வாரம் குடுங்க மேடம். அப்புறம் திரும்ப எடுத்துடலாம். என்னை வேலையை விட்டுத் தூக்கறதுன்னாலும் தூக்குங்க."

"உனக்கு என்னப்பா இதுல இவ்வளவு பிடிவாதம்? சாப்பிடக்கூட எழுந்து போகாம போன் பக்கத்துலயே தவம் கிடக்கறே!"

பாக்கெட்டில் இருந்த நம்பர் பியோவின் மேஜை நம்பர். அழைப்புகளை எடுக்க வெளியாட்களை வைக்கலாம் என்றதற்கு அவன் கண்டிப்பாக மறுத்துவிட்டான். ஒரு கையில் கிம்பாப் என்ற சோற்றுச் சுருள், மறு கையில் ரிசீவர் என்று நாள் முழுக்க அங்கேயே இருந்தான். வந்ததெல்லாம் விளையாட்டு அழைப்புகள். "அது என் பொண்டாட்டிதான், ஆனா திருப்பி அனுப்ப வேணாம்" என்றான் ஒருவன். அவனிடம்கூட பியோ பெயர், வயது, ஊர் எல்லாம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். அன்னிக்குப் பாக்கெட்டும் கிடையாது, நீயும் கிடையாது" என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை மதியம் பியோ தன் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது, வரவேற்பில் இருக்கும் பெண் ஓடிவந்தாள்.

"மேடம், ஒரு அம்மா வந்து சண்டை போடறாங்க. கேஸ் போடுவாங்களாம்!"

"யாரு?"

பதிலுக்கு முன்னால் அந்த அம்மாவே உள்ளே வந்துவிட்டார். மேடம் அவரைப் பார்த்தார். மேஜையில் இருந்த பால் பாக்கெட்டைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அதே உருண்டைக் கன்னம், அதே சப்பை மூக்கு.

"எம் பொண்ணு ரெண்டாம் கிளாஸ் படிக்கிறா. ஸ்கூல்ல குடுத்த பாலை வீட்டுக்குக் கொண்டாந்து, 'அம்மா, நீ தொலஞ்சு போயிட்டியா?'ன்னு ஒரே அழுகை. யாரைக் கேட்டு என் மூஞ்சியைப் போட்டீங்க? அநாதை விடுதியில வளர்ந்தவதானே, கேக்க நாதியில்லைன்னு நினைச்சீங்களா?"

கேஸ் என்ற சொல்லிலேயே மேடத்துக்கு வியர்த்துவிட்டது.

"சத்தியமா உங்க போட்டோவை நாங்க கண்ணால பார்த்ததில்லைம்மா! நடிகையோட சின்ன வயசு போட்டோவைத்தான் குடுத்தோம். மெஷின் தப்பா வரைஞ்சிடுச்சு. டேய் பியோ, மரம் மாதிரி நிக்கறியே, மன்னிப்புக் கேளு!"

பியோ ஓர் அடி முன்னால் வந்தான். பர்ஸிலிருந்து ஓரம் கிழிந்த போட்டோ ஒன்றை எடுத்து இரண்டு கைகளாலும் அந்தப் பெண்ணிடம் நீட்டினான்.

"மெஷின் தப்பா வரையலை மேடம். நான் குடுத்தது சே-ரின் போட்டோ இல்லை."

போட்டோவில், உருண்டைக் கன்னமும் சப்பை மூக்குமாகச் சிரிக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் கையை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்தப் போட்டோ எடுத்த மறுநாள் சந்தைக் கூட்டத்துல இந்தக் கையை விட்டவன் நான்தாம்மா" என்று அவள் முன்னால் மண்டியிட்டான் பியோ.